காதல் யாருக்குச் சொந்தம்?

காதல் என்றதும் ஆணும் பெண்ணும்தான் நினைவுக்கு வருகிறார்கள். இதற்குச் சினிமாவை மட்டும் குறை சொல்ல முடியாது. குறளின் காமத்துப்பாலிலேயே ‘காதலர்’ நிறையவே வருகிறார்கள். ஆனால், அதே வள்ளுவர் பொருட்பாலில், தெரிந்துதெளிதல் அதிகாரத்தில், தகுதியற்றவரைப் பற்றின் காரணமாக நம்பிப் பொறுப்பில் அமர்த்துவதைக் கண்டிக்கும்போது கையாளும் சொல் ‘காதன்மை’. பழைய தமிழில் காதலன் என்றால் மகன் என்றும் பொருள் உண்டு. காத்தலிலிருந்து காதல் பிறந்தது என்று மேடைகளில் சொல்வார்கள். ஒலி ஒத்துப்போவது சான்றாகாது, வழக்குதான் சான்று. அந்த வழக்கு காட்டுவது, அறிவையும் அசைத்துவிடும் தீவிரமான பற்றை.

பழைய பொருள் செத்துவிட்டது, பரந்த பாசத்துக்குத்தான் ‘அன்பு’ இருக்கிறதே என்று கேட்கலாம். செத்துவிடவில்லை என்பதற்குப் புதுச்சேரியே சாட்சி. 1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்த பாரதியின் ‘கண்ணன் பாட்டு’ 1917இல் அச்சேறியது. அதில் வேலைக்காரனாக வரும் கண்ணனிடம் கூலி என்ன என்று கேட்கிறார் எஜமான். காசைவிடத் தனக்குப் பெரிதென்று அவன் சொல்வது அன்பை அல்ல, காதலை! வேலைக்காரன் எஜமானிடம் சொல்லும் இந்தச் சொல்லில் காமத்தின் சாயல் துளியும் இல்லை. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் உள்ள பாரதி இல்லத்துக்குப் போகிறவர்கள், அதற்கு முன் ‘கண்ணன் – என் சேவகன்’ பாடலை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.