காது கூச்சம்

துன் சம்பந்தன் சாலைக்கு மேலே போகும் மோனோரயிலுக்கு ரப்பர் சக்கரம். தண்டவாளத்து ரயில் மாதிரி தடதடக்காது. கான்கிரீட் தூலத்தின் மேல் ஓடி, வளைவில் ஒரு முனகலை விட்டுவிட்டுப் போய்விடும். நள்ளிரவு வாக்கில் அது ஓய்ந்த பிறகுதான் மற்ற சத்தங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்: ஏர்கான் பெட்டியின் அதிர்வு, சைலன்சரைக் கழற்றிவிட்ட மோட்டார் சைக்கிள், மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ஒருகாலத்திலும் அமைதியான இடமாக இருந்ததில்லை. முதலில் செங்கல் சூளைகள், பிறகு ரயில்வேக்காரர்களின் குடியிருப்பு. 2001இல் கேஎல் சென்ட்ரல், 2003இல் மோனோரயில், 2010இல் லிட்டில் இந்தியா. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு சத்தத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. துணிக்கடை ஒலிபெருக்கிகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் அங்கே நடந்தவர்களுக்குத் தெரியும்.

எல்லாருக்கும் கேட்கிற சத்தம்தான். சிலருக்கு மட்டும் வலிக்கிறது.

*

கிள்ளானில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லோரிகள் இரவெல்லாம் ஓடுகிற சாலைக்கு அருகில் வீடு. லோரி அவரைத் தொந்தரவு செய்வதில்லை என்பதுதான் வேடிக்கை. "சிங்க்குல சில்வர் தட்டு விழுந்தா உடம்பே தூக்கிப் போடுது தம்பி. இவரு முறுக்கு கடிச்சா எந்திரிச்சு வெளிய போயிடுவேன்." காதைச் சோதித்துப் பார்த்தார்கள். கேட்கும் திறனில் ஒரு குறையும் இல்லை என்று வந்தது. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவர் சொல்வதை நம்புவதில்லை.

தட்டு ஒரு தொல்லை, முறுக்கு வேறு தொல்லை. சாதாரண ஓசையே தாங்க முடியாத அளவுக்கு உரக்கக் கேட்பதை ஹைப்பர்அக்யூசிஸ் என்கிறார்கள். மெல்லுவது, உறிஞ்சுவது போன்ற சில குறிப்பிட்ட ஓசைகள் மட்டும் ஆத்திரத்தைக் கிளப்புவது மிசோஃபோனியா. 2001இல் மார்கரெட், பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் தம்பதி வைத்த பெயர் அது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதுண்டு.

இதே அக்கா தைப்பூசத்தன்று பத்துமலையில் உறுமி மேளக் குழுவுக்குப் பக்கத்திலேயே நடந்து போகிறார். எப்படி என்று கேட்டேன். காது எரியத்தான் செய்யுமாம், ஆனால் ஓடத் தோன்றாதாம். "அது சாமி சத்தம்ல."

இதை நான் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். உறுமியிடம் அவராக நடந்து போகிறார். எப்போது தொடங்கும், எப்போது ஓயும் என்று தெரியும். சிங்க்கில் விழும் தட்டு அவரைக் கேட்டுக்கொண்டு விழுவதில்லை.

*

அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உப்பு, ஊறுகாய் ஜாடிகளுக்குப் பக்கத்தில் புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. மக்னீசியம், எல்-தியானின், அமுக்கரா கேப்சூல், வல்லாரை. ஒவ்வொன்றிலும் ஒளிமின்னும் ஸ்டிக்கர், மால் என்று தொடங்கும் பதிவு எண். எண்ணின் கடைசியில் டி என்று இருந்தால் பாரம்பரிய மருந்து, என் என்றால் சத்துப் பொருள். அரசாங்கம் பதிவு செய்திருக்கிறது, ஆகவே குணமாகும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பாதுகாப்பையும் தரத்தையும் பார்த்துக் கொடுத்த எண் அது. காது கூச்சம் தீரும் என்று அதில் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

மக்னீசியத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. மக்னீசியமே இல்லாத தீவனத்தைத் தின்ற ஆய்வுக்கூட எலிகள் சத்தம் கேட்டால் வெருண்டு வலிப்புக் கண்டன. அங்கிருந்து நூறு வெள்ளிக் கேப்சூலுக்குத் தாவுவது விற்பனையாளரின் தாவல். கீரையும் பருப்பும் தின்கிற உடம்பு அந்த எலியின் உடம்பு இல்லை. அமுக்கராவை இரவில் பாலில் போட்டுக் குடிப்பது நம் வீடுகளில் இருந்த வழக்கம்தான். தூக்கத்துக்கு ஓரளவு உதவுவதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. கேப்சூலாகச் செறித்து விழுங்கிய சிலருக்கு ஈரல் பாதித்த செய்திகளும் உண்டு, அது அக்கா வீட்டுப் புட்டியில் அச்சாகியிருக்கவில்லை. வல்லாரையை நம் அக்கம்பக்கத்து மலாய்க்காரர்கள் பெகாகா என்று பச்சையாகவே உலாமில் சாப்பிடுகிறார்கள். சந்தையில் ஒரு கட்டு வாங்கிக்கொள்ளலாம்.

*

புட்டிகளுக்குப் பின்னால் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை. மலேசியாவில் கிளினிக் டாக்டரே மருந்தையும் கொடுப்பதால் மாத்திரைகள் அப்படித்தான் வீட்டுக்கு வருகின்றன. மேலே பேனாவால் எழுதியிருந்தது: அல்பிரசோலம், இரவில் ஒன்று. இவ்வகை மாத்திரைகளை டாக்டர்கள் பூட்டி வைத்து, தனிப் பதிவேட்டில் கணக்கு எழுதவேண்டும் என்று 1989ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. அக்காவுக்கு அது "நரம்பு மாத்திரை".

இந்த மாத்திரைக் குடும்பத்தின் மூத்த பிள்ளை லிப்ரியம், 1960இல் கடைக்கு வந்தது. 1963இல் வேலியம். இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர். நம் பக்கத்தில் அதிகம் பெயர் கெட்டது எரிமின் 5. ஜப்பானில் தயாரான தூக்க மாத்திரை, இங்கே டிஸ்கோக்களுக்குப் போய்ச் சேர்ந்தது. காதைப் பிளக்கும் இசைக்கு நடுவே நின்றவர்கள் நரம்பை அடக்கும் மாத்திரையை விழுங்கினார்கள். மனிதர்களைப் புரிந்துகொள்ள முடிவதில்லை.

மூளையில் நரம்புகளை அடக்கிவைக்கும் பொருள் காபா. இந்த மாத்திரைகள் காபாவின் கையை ஓங்கச் செய்கின்றன. தட்டு விழும், உடம்பு தூக்கிப்போடாது. முதல் சில வாரங்கள் அக்காவுக்கு அது வரம். ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. வெளியிலிருந்து அடக்குமுறை வருகிறது என்று தெரிந்ததும் தன் சொந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திக்கொள்கிறது. மாத்திரை தீர்ந்துபோய் இரண்டு நாள் விட்டுப்போனால், இறுக்கிப் பிடிக்க எதுவும் மிச்சமிருக்காது. நியூகாசிலில் பேராசிரியை ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை இவற்றை விடுவதற்கென்றே ஒரு கிளினிக் நடத்தினார். விடும்போது வரும் தொல்லைகளில் அவர் குறித்து வைத்தவற்றுள் ஒன்று, சத்தம் தாங்காமை.

எதற்காகத் தொடங்கினாரோ அதுவே இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தது. அக்கா அதைத் தன் நோய் முற்றிவிட்டது என்று நினைத்தார். ஒரு மாத்திரை ஒன்றரையானது. சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

*

அமைதியும் இதே வேலையைச் செய்கிறது. 2003இல் அமெரிக்காவில் நல்ல காது உள்ளவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு வாரம் காதை அடைத்துக்கொண்டவர்களுக்கு அதன்பின் சாதாரண ஓசைகளே உரத்துக் கேட்டன. காதுக்குள் மெல்லிய இரைச்சலை ஓடவிட்டவர்களுக்குத் தாங்கும் சக்தி கூடியது. வானொலி நிலையம் மங்கும்போது நாம் ஒலியைக் கூட்டுவது போல, வரத்து குறைந்தால் மூளை தன் திருகைத் திருகிக் கூட்டிக்கொள்கிறது.

பட்டறையிலும் வெடிக்குப் பக்கத்திலும் காதை அடைக்கத்தான் வேண்டும். சமையலறையில் அடைத்தால் சமையலறையே பட்டறையாகிவிடும். இதற்கான ஒலிப் பயிற்சியைக் காதொலி நிபுணர்கள் தருகிறார்கள். கோலாலம்பூரில் யூகேஎம் பல்கலைக்கழக வளாகத்தில் அதற்குத் துறையே இருக்கிறது. மாதக்கணக்காகும். மாத்திரை இருபது நிமிடத்தில் வேலை செய்கிற ஊரில் மாதக்கணக்கை விற்பது சுலபமில்லை.

*

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கியது. சுற்றிலும் பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்கள். தோளைப் பிடித்துவிட்டவரிடம் மோனோரயில் சத்தத்தைப் பற்றிக் குறைப்பட்டேன். கை நிற்கவில்லை. "அது இருக்கறதாலதான் சார் ரோடு எந்தப் பக்கம்னு தெரியுது. மழை பேஞ்சாத்தான் கஷ்டம், எல்லாம் ஒரே சத்தமாயிடும். இப்ப இந்த எலெக்ட்ரிக் கார் வருதே, பக்கத்துல வந்து நின்னாலும் தெரியறதில்ல." தோள்பட்டையில் ஒரு முடிச்சைக் கண்டுபிடித்து அழுத்தினார். அதற்கு மேல் என்னால் பேசமுடியவில்லை.

*

வேறொரு டாக்டர் அக்காவை டயசெபாம் என்ற இன்னொரு மாத்திரைக்கு மாற்றிவிட்டார். அது உடம்பில் நெடுநேரம் நிற்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வசதி. மாத்திரையைக் காலாகப் பிளக்க ஒரு சின்னப் பெட்டி வாங்கியிருக்கிறார். இரவில் மேசை விசிறி சுவரைப் பார்த்து ஓடுகிறது. கணவருக்கு முறுக்குத் தடை இன்னும் நீங்கவில்லை.

புட்டிகளை என்ன செய்வது என்று போனில் கேட்டார். பக்கத்து வீட்டு ஆண்ட்டி மூட்டுவலிக்குக் கேட்கிறாராம், பாதி விலைக்குக் கொடுத்துவிடலாமா என்று.