அழைத்தவனைத் தண்டிக்கலாமா?

2017 பிப்ரவரி 2 இரவு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கம் ஒன்றில் புதிதாகச் சேரவந்த 19 வயது மாணவன், குடிபோதையில் அடித்தளப் படிக்கட்டில் உருண்டு விழுந்தான். சங்கத்தார் அவனைத் தூக்கிவந்து சோபாவில் கிடத்தினார்கள். மல்லாந்து புரண்டால் வாந்தி மூச்சை அடைத்துவிடும் என்று அவன் முதுகில் ஒரு பையை மாட்டிவிட்டார்கள். உதவிக்கு ஆள் கூப்பிடச் சொன்ன ஒருவனைச் சுவரோடு தள்ளினார்கள் என்கிறது பெருநடுவர் குழு அறிக்கை. அவசர உதவி எண்ணுக்கு அழைப்பு போனது மறுநாள் காலையில், ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்து. பிப்ரவரி 4 அன்று அவன் இறந்தான்.

ஆபத்து தெரியாமல் யாரும் பையை மாட்டுவதில்லை. தெரிந்தும் கையைக் கட்டிப்போட்டது பயம். 21 வயது நிரம்பாதவர் மது வாங்குவது அமெரிக்கா முழுவதும் குற்றம். 1984ஆம் ஆண்டுச் சட்டம் நெடுஞ்சாலை நிதியைக் காட்டி எல்லா மாநிலங்களையும் இதற்கு இணங்க வைத்தது. எனவே உதவிக்கு அழைப்பவன் தன்னையே காட்டிக்கொடுக்கிறான். இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் கார்னெல் பல்கலைக்கழகம் 2002இல் ஒரு விதி கொண்டுவந்தது: ஆபத்தில் இருப்பவருக்காக அழைத்தால், குடித்ததற்காக ஒழுங்கு நடவடிக்கை இல்லை. பிறகு பல மாநிலங்கள் இதையே சட்டமாக்கின.

இது தப்பு செய்தவனைத் தப்பவிடுவது ஆகாதா என்று கேட்பதில் நியாயம் உண்டு. அளவோடு குடித்தவனுக்கும் அளவு மீறியவனுக்கும் வேறுபாடு இல்லாமல் போகிறது. கடமையைச் செய்யச் சலுகை தரவேண்டியிருக்கிறது. ஆனால் வயதுவரம்பே இளைஞர் உயிரைக் காக்க வந்தது. அதன் மீதான பயமே உயிரைக் குடிக்குமானால் விதி தன் நோக்கத்தையே தோற்கடிக்கிறது. தூங்கினால் தெளிந்துவிடும் என்று காத்திருக்கவும் இடமில்லை: நினைவு தப்பிய பின்னும் வயிற்றில் உள்ள மது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும்.

இந்த மன்னிப்புக்கு எல்லை வேண்டும். குடித்தவனுக்கும் அழைத்தவனுக்கும் அது பொருந்தலாம். ஊற்றிக்கொடுத்துக் குடிக்க வைத்தவனுக்குப் பொருந்தாது. 'அவனாகத்தானே குடித்தான்' என்ற வாதம், புதியவரைக் குடிக்க வைக்கும் சங்கச் சேர்க்கைச் சடங்கில் செல்லாது. வேண்டாம் என்றால் வெளியே போ என்னும் இடத்தில் சம்மதத்துக்கு ஏது மதிப்பு? உயிரைப் பறிக்கும் இத்தகைய சடங்கைப் பென்சில்வேனியா 2018இல் கடுங்குற்றமாக்கியது சரியே. ஊற்றியவன் பிறகு அழைத்திருந்தால் தண்டனை குறையலாம்; குற்றம் அழியாது.

இப்படி வரையறுத்தால் மன்னிப்பு சலுகையாக நிற்பதில்லை. தண்டனைக்குப் பயந்தேன் என்ற சாக்கு இருக்கும்வரை, அழைக்காதவன் மீது பாதிப் பழிதான் விழும். அந்தச் சாக்கைச் சட்டமே எடுத்துவிட்ட பிறகு, முழுப் பழியையும் அவன் சுமந்தாக வேண்டும்.