ஆள்பவன் தாங்குவானா?

1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர் என்று மரபு சொல்லும் ராமானுஜர், உடல் என்பது எது என்று தன் பிரம்மசூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தில் நிதானமாக வாதாடுகிறார். மூச்சையும் புலன்களையும் வைத்து உடலை வரையறுப்பது அவருக்கு உடன்பாடில்லை. ஓர் உயிர் முழுக்க ஆள்வது, அதுவே தாங்கி நிற்பது, அதன் பொருட்டே இருப்பது: இந்த மூன்றும் பொருந்தினால் அது அந்த உயிரின் உடல். இப்படிப் பார்த்தால் மண்ணும் கடலும் விண்ணும் நாமும் திருமாலின் திருமேனிதான்.

அவர் பிறந்த அந்த ஊரை ஒட்டிய ஒரகடம் தொழிற்பகுதியில், வல்லம் வடகாலில், தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவின் வானூர்தி, விண்வெளித் தொழில் பூங்கா இருக்கிறது. 2019 ஜனவரியில் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சென்னையும் ஒன்று. காரும் கைப்பேசியும் செய்து பழகிய வட்டாரம், ராணுவ வானத்துக்கும் பாகம் செய்யத் தயாராகிறது.

அந்த வானத்தை ஆளத்தான் இப்போது போட்டி. 2015-ல் ரஷ்யா விமானப்படையையும் விண்வெளிப் படையையும் ஒன்றாக்கியது. அதே ஆண்டின் கடைசி நாளில் சீனா விண்வெளி, இணையப் போர் வேலைகளை ஒரே படையின்கீழ் கொண்டுவந்து, 2024 ஏப்ரலில் அதையும் கலைத்து விண்வெளிப் படையைத் தனியாக நிறுத்தியது. அமெரிக்கா 2019 டிசம்பரில் விண்வெளிக்கென்றே ஒரு படை கண்டது. இந்தியாவில் முப்படைக்கும் பொதுவான பாதுகாப்பு விண்வெளி முகமை அதே ஆண்டு பெங்களூருவில் உருவானது. நம் கடற்படைக்காக 2013-ல் ஏவிய செயற்கைக்கோளுக்கு ருக்மிணி என்று பெயர். வைத்தவர் வைணவரோ என்னவோ!

1967-ன் விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் விண்ணைச் சொந்தம் கொண்டாட முடியாது. அணுகுண்டைச் சுற்றுப்பாதையில் நிறுத்தவும் கூடாது. சாதாரண ஆயுதத்தைச் சுற்றுப்பாதையில் நிறுத்துவதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. சொந்தமில்லாத இடத்தில் ஆதிக்கம் மட்டும் செலுத்தலாம் என்ற விசித்திரமான நிலை அங்கிருந்துதான் பிறந்தது.

ராமானுஜரின் வரையறை உறுத்துவது இங்கேதான். ஆள்வதும் தாங்குவதும் அவரிடம் பிரியாதவை. விண்ணை ஆள வந்தவர்களோ அதைத் தாங்குவதில்லை. 2007 ஜனவரியில் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோள் ஒன்றை ஏவுகணையால் உடைத்தது. கண்காணிக்கத்தக்க சிதறல்களே 3,000-க்கும் மேல். அது நடந்தது 850 கிலோமீட்டர் உயரத்தில் என்பதால் அவற்றில் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் சுற்றும். 2021 நவம்பர் 15-ல் ரஷ்யா தன் பழைய செயற்கைக்கோள் காஸ்மாஸ் 1408-ஐத் தகர்த்தபோது, சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் தங்கள் கலங்களுக்குள் ஒதுங்க வேண்டியிருந்தது. அவர்களில் இருவர் ரஷ்யர்கள். சுட்ட நாட்டால் தன் ஆளுக்கே காப்பு சொல்ல முடியவில்லை.

2019 மார்ச் 27-ல் இந்தியா தன் செயற்கைக்கோளையே உடைத்து நடத்திய மிஷன் சக்தி சோதனை, சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தையே தேர்ந்தது. அந்தக் கவனம் மெச்சத்தக்கது. 45 நாளில் சிதறல்கள் எல்லாம் எரிந்துவிடும் என்றது பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ. பெரும்பகுதி சீக்கிரமே எரிந்தது. ஆனால் சில துண்டுகள் விண்வெளி நிலையத்தின் உயரத்தையும் தாண்டி எறியப்பட்டு, ஓராண்டுக்கு மேலும் சுற்றின.

இதனால் ராமானுஜரைப் போர் மறுப்பாளராக்கிவிடக் கூடாது. போர்க்களத்தில் பிறந்த கீதைக்கு உரை எழுதியவர் அவர். அவர் வணங்கிய தெய்வத்தின் கையிலும் ஆழி உண்டு. ஆனால் அந்த ஆழி எறிந்தவன் கைக்கே திரும்பி வருவது. விண்ணில் உடைந்த உலோகத்துக்கு அந்தக் குணம் கிடையாது: எதிரியின் வானிலைக் கோள், மீனவர் நம்பும் வழிகாட்டி, தன் கோள் எல்லாம் அதற்கு ஒன்றே. தாக்கப்படுவோம் என்ற அச்சம் டெல்லிக்கு நியாயமாகவே இருக்கிறது. அந்த அச்சத்துக்கு விடை கோளைக் காப்பதிலும், கெட்டால் உடனே மாற்றுக்கோள் அனுப்புவதிலும் இருக்கிறது, உடைப்பதில் இல்லை. வல்லம் வடகால் போன்ற இடங்கள் உதவக்கூடியதும் அதற்குத்தான்.

2022 டிசம்பரில், செயற்கைக்கோளை உடைக்கும் ஏவுகணைச் சோதனைகளைக் கைவிடக் கோரும் தீர்மானத்தை ஐநா பொதுச்சபையில் 155 நாடுகள் ஆதரித்தன. சீனாவும் ரஷ்யாவும் எதிர்த்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. வெறும் வாக்குறுதி போதாது, கட்டுப்படுத்தும் சட்டமே வேண்டும் என்பது டெல்லியின் நெடுநாள் நிலைப்பாடு. வாதம் சரிதான். ஆனால் அந்தச் சட்டம் வரும்வரை வாக்குறுதியையும் தராமல் இருப்பதற்கு அது காரணமாகாது.