நிலத்திற்கு விலை கொடுத்தால் கடமை முடிந்துவிடுமா?

 

நெய்வேலியில் 1957-இல் சுரங்கப் பணி தொடங்கியது. அன்று முதல் சுற்றுக் கிராமத்தார் வீட்டையும் வயலையும் விட்டு எழுந்து போயிருக்கிறார்கள். நாட்டுக்கு மின்சாரம் தேவைதான். அங்கே வேர்வை சிந்திச் சம்பாதிப்பது ஹலாலான ரிஸ்க்தான். அதில் பேச்சில்லை. நம் கேள்வி வேறு: நிலத்துக்குப் பணம் கொடுத்துவிட்டால் அண்டை வீட்டாரின் ஹக் தீர்ந்துவிடுமா?

2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட, பயிர் நின்ற வயலிலேயே இயந்திரம் இறங்கியது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிர்வாகம். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உயர் நீதிமன்றம் சொன்னது. பயிருக்கு விலை போடலாம். உழவனை உழவனாக வைத்திருந்த மண்ணுக்கு என்ன விலை போடுவது?

இன்னொன்றையும் யோசியுங்கள். பழுப்பு நிலக்கரியின் புகை பூமியின் சூட்டைக் கூட்டுகிறது. கடல் சூடானால் புயலுக்கு வலு கூடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்ததைப் பார்த்தோம். அந்தப் புயலுக்கு இந்தப் புகைதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் புகையின் பயன் ஒருவருக்கும் புயலின் சுமை இன்னொருவருக்கும் போவது நீதியா?

மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தர அன்சாரித் தோழர் ஸஅத் (ரலி) முன்வந்தார்கள். அவரோ அவருக்காக துஆ செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி கேட்டார். இடம்பெயர்ந்தவருக்கு முதல் தேவை பிழைப்பும் மரியாதையும்தான்.

குவார்ட்டர்ஸில் இருக்கும் நாமும் பணி ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியவர்கள்தான். ஆகவே நிலம் இழந்தவரின் பிள்ளை தொழில் கற்க நம் பைத்துல்மால் உதவட்டும். ஐப்பசி மழைக்கு முன் எந்த வீட்டுக் கூரை ஒழுகும் என்று மஹல்லாவுக்குத் தெரிந்திருக்கட்டும். உதவியில் மதம் பார்க்க வேண்டாம். அண்டை வீட்டாரின் ஹக் எல்லோருக்கும் உண்டு.

அந்த ஹக்கை நிறைவேற்றும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நமக்குத் தருவானாக. ஆமீன்.