ஜனவரி வரை பொறுக்கலாமா?

கேமிங் லேப்டாப் வாங்க நினைப்பவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்ல எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைக்கும். ஜனவரியில் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சி வரும். 2021, 2023, 2025 என்று ஓராண்டு விட்டு ஓராண்டு என்விடியா லேப்டாப்புக்கான புதுச் சிப்புகளை அந்தச் சமயத்தில்தான் அறிவித்தது. அறிவித்தவை கடைக்கு வரச் சில வாரங்களாவது ஆகும். வந்த புதிதில் விலை அதிகம். தீபாவளி ஆஃபர் வரட்டும் என்று தோன்றும். தீபாவளி முடிந்தால் அடுத்த ஜனவரி கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு யோசனையும் தனியாகப் பார்த்தால் சரிதான். அதனால்தான் இந்தச் சுற்றிலிருந்து வெளியே வருவது இவ்வளவு கடினம்.

பொறியியல் படிக்கும் என் அக்கா மகன் இதில்தான் சிக்கியிருந்தான். "மாமா, இப்ப வாங்கவா, வெயிட் பண்ணவா?" என்று அவன் கேட்டபோது சந்தை நிலவரத்தை வைத்தே பதில் சொல்லப் பார்த்தேன். ஆனால் சந்தை, பொறுத்தவர்களை ஒரே மாதிரி நடத்தியதில்லை. 2021இல் கிரிப்டோ மைனிங் செய்தவர்கள் கிராஃபிக்ஸ் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள், விலை ஏறியது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் முறையையே கைவிட்டது, பொறுத்தவர்கள் பிழைத்தார்கள். 2025 கடைசியில் நேர்மாறு. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை விழுங்கியதில் ராம் விலை எகிறியது. க்ரூஷியல் என்ற பெயரில் கடைகளில் ராம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விடுவதாக டிசம்பரில் அறிவித்தது. இன்னும் இறங்கட்டும் என்று இருந்தவர்கள் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு முறையும் பொறுத்தவர்கள் ஒரே மாதிரி யோசித்தவர்கள்தான்.

புதுத் தலைமுறை என்ற சொல்லிலும் நாம் அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்கிறோம். 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3070 லேப்டாப் சிப்புக்கு 8 ஜிபி மெமரி. 2023இன் 4070க்கும் 8 ஜிபி. 2025இல் வந்த 5070க்கும் அதே 8 ஜிபி. வேகம் கூடியது உண்மை. ஆனால் பெரிய கேம்கள் முதலில் திணறுவது பெரும்பாலும் மெமரியில்தான். அதற்காகவே காத்திருந்தவருக்கு நான்கு ஆண்டுகளில் எதுவும் கிடைக்கவில்லை.

தலைமுறையைவிட நான் கவனிக்கச் சொல்வது வாட். 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டில் ஓடும் லேப்டாப்பும் வரலாம், 115 வாட்டில் ஓடுவதும் வரலாம். மெல்லிய உடம்புக்குள் வெப்பம் வெளியேற வழியில்லாததால் வாட்டைக் குறைத்துவிடுகிறார்கள். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் இரண்டிலும் ஒன்றுதான். விளையாடும்போது தெரியும் வித்தியாசம் ஒரு தலைமுறை அளவுக்கு இருக்கும். ராம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்பதும் முக்கியம். கிராஃபிக்ஸ் சிப்பைப் பின்னால் மாற்ற முடியாது, ராமையாவது கூட்டிக்கொள்ளலாம். ஜனவரிக்காகக் காத்திருக்கும் பொறுமையில் பாதியை இந்த விவரங்களைப் படிப்பதில் செலவிட்டால் போதும்.

இவ்வளவும் பொருளைப் பற்றிய பேச்சு. அக்கா மகனைப் பற்றி யோசித்தபோதுதான் எனக்குத் தெளிவு வந்தது. ஹாஸ்டலில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கூட்டமே சேர்ந்து விளையாடுகிறது. இவன் பின்னால் நின்று பார்க்கிறான். கேம் உருவாக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. அன்ரியல் எஞ்சின் அவனுடைய பழைய லேப்டாப்பில் திறப்பதற்கே திணறுகிறது. அடுத்த சிப் இதைவிட நன்றாகத்தான் இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அது வரும்போது அந்தக் கூட்டம் ஆளுக்கொரு ஊரில் வேலைக்குப் போயிருக்கும். கற்றுக்கொள்ள வேண்டிய செமஸ்டர்களும் முடிந்திருக்கும். விலைப் பட்டியலில் ஏறாத இந்த இழப்பைப் பெரியவர்களாகிய நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம், விளையாட்டுதானே என்று. அந்த வயதின் நட்பு எனக்கு அற்பமாகத் தெரியவில்லை.

வாங்கு என்றேன். கையில் இருக்கும் பணத்துக்குள் வாங்கு, இஎம்ஐ வேண்டாம் என்றும் சொன்னேன். வட்டியில்லா இஎம்ஐ என்பார்கள். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி பல நேரம் அதில் கிடைக்காது.

பிளஸ் டூ படிக்கும் அவன் தங்கையும் உடனே கேட்டாள். அவளைப் பொறுக்கச் சொன்னேன். மார்ச்சில் பொதுத்தேர்வு, அதன்பின் எந்தப் படிப்பு என்று தெரிந்துவிடும். ஆர்க்கிடெக்சர் என்றால் வேண்டியது ஒன்று, பி.காம். என்றால் வேறொன்று. அதற்குள் விலை ஏறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். ஏறினால் கூடுதலாகக் கொடுக்கலாம், அண்ணனுக்குச் செய்ததுபோல உனக்கும் செய்வோம் என்றேன். அக்கா அன்றே அவள் பெயரில் ஒரு ஆர்.டி. போட்டுவிட்டாள்.