அந்தக் கற்களை யார் எடுப்பது?

போன கரும்பு வெட்டுக் காலத்தில், உளுந்தூர்பேட்டை தாண்டி இரவு பதினொரு மணிக்குச் சென்னை நோக்கி வந்துகொண்டிருந்தேன். இடது தடத்தில் தலையளவு கற்கள் நாலு, நடுவில் ஒடித்துப் போட்ட வேப்பங்கிளை. பிரேக்கை மிதித்த பிறகுதான், நூறடி தள்ளி, பின்விளக்கு இல்லாத ஒரு கரும்பு டிரெய்லர் டயர் பஞ்சராகி ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது தெரிந்தது. அந்தக் கற்கள் இல்லையென்றால் நேராக அதில் போய்ச் செருகியிருப்பேன்.

காரை ஓரங்கட்டி இறங்கினேன். நல்ல மனசு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை என்னவென்றால், எனக்கு முன்பே ஒரு லாரிக்காரர் நிறுத்தி, ஜாக்கியோடு இறங்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

"லைட்ட மட்டும் புடிங்க தம்பி, போதும்" என்றார் டிராக்டர்காரர். மற்ற சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்தார்கள். மண்ணில் ஜாக்கி புதையாமலிருக்க அடியில் பலகை. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தினார்கள், தூக்கிய பிறகு என்றால் சக்கரமும் சேர்ந்து சுற்றும். ஸ்டெப்னியை மாட்டி, எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி முறுக்கினார்கள். முக்கால் மணி நேரம். லாரிக்காரர் டீக்காசுகூட வாங்கவில்லை. டிராக்டர்காரர் எங்கள் இரண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிட்டார். மனசு நிறைந்து கிளம்பினேன்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போதுதான் உறைத்தது. கற்களை யாரும் எடுக்கவில்லை.

டிரெய்லர் நின்றவரை அவை எச்சரிக்கை. டிரெய்லர் போன நிமிடத்திலிருந்து அவையே ஆபத்து. கல் மாறவில்லை, இடம் மாறவில்லை. ஒரு உயிரை, என் உயிரைத்தான், காப்பாற்றிய பொருள், யாரும் தொடாமலேயே இன்னொரு உயிரை எடுக்கக்கூடியதாகிவிட்டது.

யார் பொறுப்பு? போட்டவர் டிராக்டர்காரர். ஆனால் அவருக்கு லோடு, தூக்கம், ஆலை வாசலில் காத்திருக்கும் வரிசை. லாரிக்காரர் தன் ஜாக்கியைக் கொடுத்தவர். கற்களுக்குப் பக்கத்தில் நின்றது என் கார்தான். அவற்றின் அருமை தெரிந்தவனும் நான்தான். நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்ற எண் இருப்பதும் எனக்குத் தெரியும். "எந்த கிலோமீட்டர் கல் பக்கம்னு கேட்டா என்ன சொல்றது?" என்று எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு, கூப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த விஷயத்தை ஒட்டி ஒரு பழைய ஆய்வு உண்டு. 1967இல் பிரையன், டெஸ்ட் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் டயர் பஞ்சரான காருடன் ஒரு பெண்ணை நிற்கவைத்தார்கள். கடந்து போன 2000 வண்டிகளில் 35 நின்றன. அதே சாலையில், கால் மைல் முன்னாலேயே, இன்னொரு பெண்ணுக்கு ஒருவர் டயர் மாற்றிக் கொடுப்பதைப் போல ஒரு காட்சியும் அமைத்தபோது, 2000க்கு 58 நின்றன. ஒருவர் உதவுவதைக் கண்ணால் பார்த்தால் நமக்கும் கால் பிரேக்குக்குப் போகிறது. நான் நின்றதும் அப்படித்தான்.

ஆனால் கல்லை எடுத்துப் போடுவதை யார் பார்க்கிறார்கள்? பஞ்சரான வண்டிக்கு ஒரு முகம் இருக்கிறது, கும்பிடு இருக்கிறது. கல் எடுக்கப்பட்ட சாலையில் பின்னால் வருகிற பைக்காரனுக்குத் தான் தப்பித்ததே தெரியாது. அவன் யாருக்கு நன்றி சொல்வான்? பார்த்துக் கற்றுக்கொள்ளக்கூட முடியாத நன்மை அது. நம்முடைய ஈரம் எதிரில் ஆள் நிற்கும்வரைதானா என்பதை அங்கேதான் சோதித்துப் பார்க்க முடியும். நான் தேறவில்லை.

மறுநாள் காலை எழுந்ததும், அந்தச் சாலையில் விபத்து ஏதாவது என்று போனில் தேடினேன். ஒன்றும் இல்லை. "அப்பாடா" என்று வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே கூச்சமாக இருந்தது. செய்தி வராததால் நான் செய்தது சரியாகிவிடாது. ஒருவேளை, இரவோடு இரவாக யாரோ ஒருவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, நாலு கல்லையும் கிளையையும் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். அவருக்கு லைட் பிடிக்கக்கூட அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.