விருந்து யாருக்கு?

நம் இல்லங்களில் நாளும் வழங்கும் சொற்களுள் ஒன்று விருந்து. திருமண விருந்து, மறுவீட்டு விருந்து என்கிறோம். வடை பாயசத்துடன் இலை நிறையப் படைக்கும் உணவே விருந்து என எண்ணிவிட்டோம். ஆயின், இச்சொல்லின் பழம்பொருள் புதுமை என்பதாகும்.

தொல்காப்பியச் செய்யுளியலில், புதிதாகப் புனையப்படும் நூல்வகைக்கு விருந்து என்றே பெயர். புதுமையைக் குறித்த இச்சொல், ஆகுபெயராய், நம் வாயிலை நாடிவரும் புதியவரைக் குறித்தது. அவருக்குப் படைக்கும் உணவுக்கும் அப்பெயரே ஆயிற்று. இன்று உணவு நிற்கிறது, புதியவர் மறைந்துவிட்டார்.

திருவள்ளுவர், இல்வாழ்வான் ஓம்பவேண்டியவருள் விருந்தினரையும் சுற்றத்தாரையும் வேறுவேறாக எண்ணுகிறார். விருந்தோம்பலை 9ஆம் அதிகாரத்திலும், சுற்றந்தழாலை 53ஆம் அதிகாரத்திலும் வைக்கிறார். உறவினரைப் பேணுதலும் அறமே. ஆனால் அது வேறோர் அறம்.

அறிமுகமற்றவரை இக்காலத்தில் எங்ஙனம் உள்ளே அழைப்பது என்று கேட்கலாம். அவ்வச்சம் பொருளற்றதன்று. இதற்குச் சிலப்பதிகாரம் நமக்கு வழிகாட்டுகிறது. மதுரைப் புறஞ்சேரியில் கோவலனையும் கண்ணகியையும் ஆயர்குல மாதரியிடம் அடைக்கலமாகத் தந்தவர் கவுந்தியடிகள். அவ்வறவியின் சொல்லை நம்பி, முன்பின் அறியாத இருவரை மாதரி ஏற்றாள். நம்பத்தக்க ஒருவர் சொல் போதும், உறவு வேண்டியதில்லை.

அவள் தன் வீட்டு உணவை அவர்கள்மேல் திணிக்கவும் இல்லை. அவர்கள் சாவக நோன்பிகள், பகலில் உண்பவர் என அறிந்து, சமைப்பதற்கு நல்ல கலங்களையும், சாலியரிசியையும், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி முதலியவற்றையும் அளித்தாள். வந்தவரின் நோன்புக்குத் தன் இல்லத்தில் இடங்கொடுத்தாளே, அதுவன்றோ விருந்தோம்பல்!

அவ்வீட்டில்தான், தானே விருந்தாய்த் தங்கியிருந்த கண்ணகி, கணவனைப் பிரிந்திருந்த நாளில் துறவோரை எதிர்கொள்ளவும் விருந்தினரை வரவேற்கவும் இயலாது போனமைக்கு வருந்துகிறாள். பொருளை இழந்ததைக் காட்டிலும் அவளுக்கு இதுவே பெரிதாய்த் தோன்றியது.

இல்லறத்தாரின் பன்னிரு விரதங்களுள் இறுதியாக வைத்து எண்ணப்படுவது அதிதி சம்விபாகம். திதி குறிக்காமல் வருபவர் அதிதி என்பது மரபுவழிப் பொருள். நாமோ நாள் குறித்து, அழைப்பிதழ் அனுப்பி, நம்மைத் திரும்ப அழைக்கக்கூடியவரையே அழைக்கிறோம். அது கொடுக்கல் வாங்கல் ஆகுமேயன்றி ஈகையாகுமா?

அடுத்த முறை நம் வீட்டில் இலை விரியும்போது, அவற்றுள் ஓர் இலையேனும் நமக்குப் புதியவர் ஒருவருக்கு உரியதாகட்டும். அன்றுதான் அவ்வுணவு விருந்து என்னும் பெயருக்கு உரியதாகும்.